கரும்புக்காட்டில் ஒரு வளையல் துண்டு: மண் பொருட்களைப் புதைப்பதும் நகர்த்துவதும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம், கரும்பு வெட்டி முடித்த காட்டில் ஒரு மழைக்குப் பிறகு நடந்து பாருங்கள். காலடியில் ஏதாவது கிடைக்கும். நீலக்கோடு போட்ட பீங்கான் சில்லு, துருவேறிய மண்வெட்டித் தலை, பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு, சில இடங்களில் கையால் வனைந்த தடித்த பானையோடு, எப்போதாவது கல்லாயுதம் செய்யும்போது சிதறிய ஒரு கற்செதில்.

வளையல் நம்மவர்களுடையது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஆட்களோடு புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் இந்த நடால் பகுதிக்கு வந்தார்கள். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான பாரக்ஸ்களில் அவர்கள் சமைத்ததும் உடைத்ததும் தொலைத்ததும் இந்த மண்ணில்தான் கிடக்கின்றன. தடித்த ஓடு அதற்கும் முந்தையது. இரும்பு உருக்கி, தினை பயிரிட்டு, மாடு வளர்த்த மக்கள் இந்தக் கடற்கரைப் பக்கம் குடியேறி 1,700 ஆண்டுகள் ஆகின்றன. கற்செதிலின் காலம் இன்னும் எட்டாத தொலைவு. டொங்காட்டிலிருந்து சற்றே உள்ளே தள்ளியிருக்கும் சிபுடு பாறைக்குகையில் 77,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் இலைப்படுக்கை விரித்துப் படுத்திருக்கிறார்கள்.

இந்த மூன்று காலத்துப் பொருட்களும் ஒரே காட்டில் ஒரு சாண் இடைவெளிக்குள் கிடக்கலாம். அப்படிக் கிடப்பதைப் பார்த்ததும் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. புதிதாக ஆர்வம் வந்தவர்கள் எல்லோரும் கேட்பது, "எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது?" கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று செய்தி வந்ததிலிருந்து, ஆழம்தான் வயது என்ற எண்ணம் நம்மிடையே ஊன்றிவிட்டது. அங்கே காலத்தைச் சொன்னது மாதிரியில் இருந்த கரிமம். அந்த மாதிரி கலையாத அடுக்கில் இருந்ததா என்பதைப் பார்த்த பிறகுதான் ஆழத்துக்குப் பொருள் வந்தது. ஆகவே நாம் முதலில் கேட்க வேண்டியது: "இந்தப் பொருள் இங்கே எப்படி வந்தது? யார் கொண்டு வந்தார்கள், மனிதனா, மண்ணா?"

எனக்கு இந்தக் கேள்வியைக் கற்றுக் கொடுத்தது ஒரு வளையல் துண்டு. அனுமதி பெற்று நடந்த ஒரு சிறு அகழாய்வில் தன்னார்வலராகப் போயிருந்தேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி. 60 செ.மீ. ஆழத்தில் வெள்ளைப் படிகக்கல் செதில் ஒன்றும், அதற்கு நான்கு விரல் தள்ளிப் பச்சை வளையல் துண்டு ஒன்றும் இருந்தன. என் ஆயா கையில் பார்த்த அதே பச்சை. எனக்கு நெஞ்சு படபடத்தது. குழியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வாளர் ஒன்றும் சொல்லாமல் கையில் சாந்துக் கரண்டியைக் கொடுத்து, வளையல் இருந்த பக்கத்துச் சுவரை மெல்லச் சீவச் சொன்னார். சீவினேன். சிவப்பு மண் நடுவில் கைமுட்டி அளவுக்கு வட்டமாக ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தது. விரலால் அழுத்தினேன். சுற்றியிருந்த மண் இறுகியிருந்தது, திட்டு மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது. எப்போதோ எலி தோண்டிய வளை அது. பிறகு மேல்மண் சரிந்து அதை அடைத்திருக்கிறது. வளையல் அந்த வழியாகத்தான் இறங்கியிருந்தது. அந்தத் திட்டை நாங்கள் பார்க்காமல் தோண்டிப் போட்டிருந்தால், கல்லாயுதமும் கண்ணாடி வளையலும் ஒரே காலம் என்று குறிப்பேட்டில் ஏறியிருக்கும்.

முதலில்: எடுக்காதீர்கள், தோண்டாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் 1999-ஆம் ஆண்டு தேசிய மரபுவளச் சட்டத்தின்படி தொல்பொருட்கள் அரசின் உடைமை. 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்லியல் பொருட்களை அனுமதி இல்லாமல் தோண்டுவதும், இடம் மாற்றுவதும், சேகரிப்பதும் குற்றம். உலோகம் கண்டறியும் கருவியைத் தொல்லியல் இடத்துக்குள் கொண்டு போகவும் அனுமதி வேண்டும். காட்டின் சொந்தக்காரர் "தோண்டிக்கோ" என்று சொன்னாலும் அது அனுமதி ஆகாது. அவரிடம் வாங்க வேண்டியது உள்ளே நடப்பதற்கான சம்மதம் மட்டுமே.

சட்டத்தை விட்டுவிட்டாலும் காரணம் இருக்கிறது. பொருளை எடுத்துவிட்டால் அது எப்படி வந்தது என்பதற்கான சாட்சியம் அந்த நிமிடமே அழிந்துவிடும். பத்து வயதில் நான் ஒரு பானையோட்டை எடுத்து, கழுவி, டப்பாவில் போட்டு வைத்தேன். இன்றும் அது என்னிடம் இருக்கிறது. எந்தக் காடு, மேடா பள்ளமா, எந்த மண் என்று எதுவும் தெரியாது. அந்த ஓட்டிடம் இனி எதையும் கேட்க முடியாது என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கரும்பு வெட்டி, முதல் மழை தூசியைக் கழுவிவிட்ட பிறகு போங்கள். கணுக்கால் மூடிய பூட்ஸ் கட்டாயம். கரும்புக்காட்டில் பாம்பு உண்டு.

மண்ணைக் கையால் பிசையுங்கள்

பொருளை விட்டுவிட்டு, பத்தடி தள்ளி ஒரு சிட்டிகை மண்ணை எடுங்கள். தண்ணீர் விட்டு, சீடை மாவு பதத்துக்குப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பட்டையாகத் தள்ளிப் பாருங்கள். உருட்டவே வராமல் உதிர்ந்தால் மணல். விரல் நீளத்துக்கு முறியாமல் பட்டை வந்தால் கனத்த களிமண். இரண்டுக்கும் நடுவே நின்றால் கலப்பு மண். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். பொருள் எந்த வழியில் நகர்ந்திருக்கும் என்பதில் பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

டர்பன் கடற்கரையோரம் நெடுகிலும் இருப்பது பெரீயா செம்மணல். பழைய காலத்து மணல்மேடுகள்தான் நாள்பட இரும்புத் துரு பூசிச் சிவந்திருக்கின்றன. வெட்டிப் பார்த்தால் அடுக்கே தெரியாது, மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. புதியவர்கள் இதைப் பார்த்து "கலையாத மண்" என்று எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் நடந்திருப்பது இதற்கு நேர்மாறு. வேர்களும் பூச்சிகளும் அவ்வளவு கிளறியதால்தான் அடுக்கு இருந்த தடமே இல்லை. இப்படிப்பட்ட மணலில் மனிதர் நடமாட்டமே சிறு பொருட்களை மிதித்துச் சில விரற்கடை கீழே இறக்கிவிடும்.

மணல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஆப்பிரிக்கத் தொல்லியலில் எல்லோரும் சொல்லும் உதாரணம் கொங்கோவின் கின்ஷாசாவில் உள்ள கோம்பே முனை. அங்கே மணலில் வெவ்வேறு ஆழங்களில் கிடைத்த கல்லாயுதங்களை வெவ்வேறு காலப் பண்பாடுகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 1970-களில் காஹென், மோயர்சன்ஸ் என்ற இருவர் சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். ஒரே கல்லில் இருந்து உடைந்த துண்டுகள், ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை மேலும் கீழுமாகப் பிரிந்து கிடந்தது தெரிந்தது. தனித்தனிக் காலம் என்று எண்ணியவை ஒன்றுக்குள் ஒன்று கலந்து போயிருந்தன. உடைந்த துண்டுகளைப் பொருத்திப் பார்ப்பதை விட நேர்மையான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. அது ஆய்வகத்தில் செய்யும் வேலை. ஆனாலும் காட்டில் ஒரே தட்டின் இரண்டு சில்லுகளைக் கண்டால் இரண்டுக்கும் இடையே எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் ஆய்வாளருக்கு அது பொன்.

நடாலில் கறுப்புக் களிமண் உள்ள இடங்களும் உண்டு. நம் கோவில்பட்டிக் கரிசலின் உறவு அது. இங்குள்ள மண் வகைப்பாட்டில் ஆர்கேடியா என்று பெயர். கோடையில் வெடித்துப் பிளக்கும், ஆழமான வெடிப்பு ஒரு மீட்டரையும் தொடும். மேலே கிடக்கும் மணியும் வளையல் துண்டும் வெடிப்பில் விழுந்துவிடும். மழை வந்து மண் ஊதும்போது வெடிப்பு மூடிக்கொள்ளும், உள்ளே விழுந்த மண்ணுக்கும் இடம் வேண்டுமே, அதனால் பக்கத்து மண் மேலே எழும்பும், பெரிய கற்களையும் தூக்கிக்கொண்டு வரும். ஆண்டுதோறும் சின்னது இறங்கும், பெரியது ஏறும். களிமண் கட்டியை உடைத்தால் உள்ளே சவர்க்காரம் தேய்த்தது போலப் பளபளக்கும் வழுக்கு முகங்கள் இருக்கும். அவற்றைக் கண்டால், அந்த மண்ணில் ஆழத்தை வைத்து வயது சொல்வதை அன்றோடு விட்டுவிடுங்கள்.

யார் கிளறியது?

இந்தக் கட்டத்தில்தான் நிதானம் வேண்டும். சாலை போட வெட்டிய கரை, வாய்க்கால் ஓரம், வெள்ளம் அரித்த ஓடைக்கரை என்று ஏற்கெனவே திறந்து கிடக்கும் வெட்டுமுகம் ஒன்றைத் தேடுங்கள். நீங்களாக எதையும் வெட்டாதீர்கள். காலை அல்லது மாலைச் சாய்வு வெயிலில் அரைமணி நேரம் அதன் முன் நின்று பாருங்கள்.

கறையானிலிருந்து தொடங்கலாம். "கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த" கதை நமக்குத் தெரியும். புற்றுக்கு மஞ்சள் தடவிப் பால் வார்ப்பவர்கள் இன்றும் இந்த நாட்டில் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் புற்றுமண் எங்கிருந்து வந்தது என்பதுதான் இங்கே கேள்வி. கறையான் நிலத்தடியிலிருந்து நுண்மணலையும் களியையும் வாயில் கவ்வி மேலே கொண்டுவருகிறது. கவ்வ முடியாத கல்லும் ஓடும் அங்கேயே நின்றுவிடும். கீழே இருந்த மண் மேலே வந்து மூடிக்கொண்டே போவதால் அவை மெல்ல மெல்ல இறங்கும். புற்று மழையில் கரைந்து பரவும், புதுப்புற்று எழும். நூற்றாண்டுகள் இப்படிப் போனால் மேலே சலித்தது போன்ற மெல்லிய மண்ணும், அடியில் வரிசையாக ஒரு கல்வரியும் உருவாகும். அந்தக் கல்வரியில் பல காலத்து ஆயுதங்கள் ஒன்றாகச் சேர்ந்து கிடப்பதைப் பார்த்து "இதுதான் பழைய தரை" என்று சொல்லிவிடுவது எளிது. மனிதர்கள் நடந்த தரையாக அது இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கறையானுக்கு எவ்வளவு காலம் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள்: இதே நாட்டின் நமாகுவாலாந்தில், பஃபல்ஸ் ஆற்றுப் பக்கம் இன்றும் கறையான் குடியிருக்கும் மேடுகளின் வயது 34,000 ஆண்டு வரை போகிறது என்று 2024-இல் அறிவித்தார்கள்.

மண்புழுவும் இதே வேலையைச் சிறு அளவில் செய்கிறது. சார்லஸ் டார்வின் 1842-இல் இங்கிலாந்தில் தன் வீட்டருகே ஒரு புல்வெளியில் சுண்ணக்கட்டிகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டு கழித்து 1871-இல் குறுக்கே வெட்டிப் பார்த்தார். வெள்ளைக் கோடு 7 அங்குலம் கீழே ஓடியது. யாரும் புதைக்கவில்லை. புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே கழித்தே மூடிவிட்டன. அந்தக் கணக்கை அப்படியே நம் காட்டுக்குப் பொருத்தக் கூடாது. அது ஈரமான குளிர்நாட்டுப் புல்வெளி, இது வேறு மண், வேறு மழை.

எலி வளையை முன்பே சொன்னேன். நடாலில் மண்ணுக்குள்ளேயே வாழும் மோல் எலிகள் நிறைய. வெட்டுமுகத்தில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ வேறு நிறத் திட்டு இருந்தால் வளை. செங்குத்தாகக் கறுப்புக் கோடு இறங்கி, போகப்போக மெலிந்தால் செத்த வேரின் தடம். பெரிய மரம் புயலில் வேரோடு சாய்ந்த இடத்தில் அடிமண் மேலேயும் மேல்மண் கீழேயும் புரண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு பள்ளமும் மேடும் இருந்தால் அது மரம் விழுந்த இடம்தான்.

சரிவில் இருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். 2022 ஏப்ரல் பெருவெள்ளத்தில் எங்கள் பக்கத்துச் செம்மணல் சரிவுகள் எப்படி இறங்கின என்று கண்ணால் பார்த்தேன். முதலில் மேல்மண் வழிந்து அடிவாரத்தில் படிந்தது. அதற்குமேல் அடிமண் வந்து விழுந்தது. ஒரு வாரத்தில் அடுக்கு தலைகீழாகிவிட்டது. இனி அங்கே பழையது மேலே, புதியது கீழே. தண்ணீர் இழுத்து வந்த பொருள் என்றால் நீளமானவை பெரும்பாலும் ஒரே திசை பார்த்துக் கிடக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். மேட்டில் கனமானது மட்டும் தங்கியிருக்கும், நுண்ணியதெல்லாம் கீழே போயிருக்கும்.

உழவு

கரும்புக்காட்டில் நீங்கள் காணும் எல்லாவற்றையும் உழவு தொட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். கரும்பை ஒருமுறை நட்டால் மறுதாம்பு பல ஆண்டு வரும், அதனால் ஆண்டுதோறும் உழவு இல்லை. ஆனால் பழைய தூரைப் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்யும்போது டிராக்டர் ஆழமாகவே புரட்டும். வெட்டுமுகத்தில் ஒரு முழம் ஆழத்துக்குள் மேல்மண்ணின் அடிவிளிம்பு கோடு போட்டது போலச் சமமாக முடிந்தால், அதுதான் கொழு போன ஆழம். அந்தக் கோட்டுக்கு மேலே எந்த ஆழமும் எதையும் சொல்லாது.

இதைக் கேட்டுச் சிலர் "அப்படியானால் உழுத காடு வீண்தானே" என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உழவு மேல்-கீழைக் கலைத்துவிடும். இடம்-வலத்தில் சில மீட்டர் இழுக்கும், அவ்வளவுதான். பாரக்ஸ் இருந்த இடத்தில் பீங்கானும் செங்கல் துண்டும் அடர்ந்து, நூறு தப்படி தள்ளி ஒன்றுமில்லாமல் போவது உழுத காட்டிலும் தெளிவாகத் தெரியும். மேலே தெரிவது உள்ளே இருப்பதில் சிறு பங்கு என்பதையும், பெரிய துண்டுகளே கண்ணில் படும் என்பதையும் மட்டும் மறக்கக் கூடாது. அடுத்த உழவுக்குப் பிறகு அதே இடத்துக்குப் போங்கள், வேறு பங்கு மேலே வந்திருக்கும்.

இல்லாததையும் கவனியுங்கள்

சுண்ணாம்பு கரைந்துபோன செம்மணல் சற்றே புளித்த, அதாவது அமிலத்தன்மை உள்ள மண். அதில் எலும்பு நீண்டநாள் நிற்காது. ஓடும் கல்லும் கண்ணாடியும் இருந்து எலும்பே இல்லையென்றால், அங்கே யாரும் இறைச்சி தின்னவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. கடலோரச் சிப்பிக் குவியல்களில் சிப்பியின் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை முறித்துவிடுவதால் மீன்முள்ளும்கூடத் தங்கியிருக்கும்.

மண் எப்போதும் எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது என்றும் எண்ண வேண்டாம். சிபுடுவை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் தொல்லியலாளர் லின் வாட்லி அங்கே அகழாய்வைத் தொடங்கினார். 77,000 ஆண்டுக்கு முந்தைய படுக்கையில் கோரைத் தண்டுகளும், அவற்றின்மேல் பூச்சியை விரட்டும் மர இலைகளும் மெல்லிய படலமாக அப்படியே இருந்தன. பின்னாள் படுக்கைகளைக் கொளுத்திச் சுத்தம் செய்த சாம்பல் படலங்கள்கூட ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே தெரிந்தன. தலைக்குமேல் பாறைக்கூரை மழையைத் தடுத்தது, அடுத்தடுத்து மண் சேர்ந்து மூடியது. மண்ணை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, பெருமளவு கலையவில்லை என்று காட்டிய பிறகே அந்தக் காலக்கணக்குக்கு வலு வந்தது. 2024-இல் அந்தக் குகை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. குகைக்குள் நிலைத்து நின்றது, சில மைல் தள்ளித் திறந்த காட்டில் நிற்காது. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே நிரூபிக்க வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்

படித்துப் புரியாதது கண்ணால் கண்டால் புரியும். வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் அடியில் வெளிர் மணல், மேலே கறுப்புத் தோட்டமண் போட்டு, நான்கைந்து கொண்டைக்கடலை அளவு கற்களை மேலே வையுங்கள். ஐந்தாறு மண்புழு, கொஞ்சம் சருகு, அளவாக ஈரம். ஜாடியைத் துணியால் மூடி இருட்டில் வைத்து, வாரம் ஒருமுறை பக்கத்திலிருந்து படம் எடுங்கள். அடுக்கின் விளிம்பு கலைவதைச் சில வாரங்களிலேயே பார்ப்பீர்கள். பிறகு புழுக்களைத் தோட்டத்தில் விட்டுவிடுங்கள்.

களிமண் கிடைத்தால் ஒரு தட்டில் குழைத்துப் பரப்பி வெயிலில் வெடிக்க விடுங்கள். மேலே கடுகும் கொண்டைக்கடலையும் தூவித் தட்டை லேசாகத் தட்டுங்கள். கடுகு வெடிப்புக்குள் போகும், கடலை மேலேயே நிற்கும். தண்ணீர் தெளித்துக் காயவைத்து நாலைந்து முறை செய்தபின் கத்தியால் குறுக்கே வெட்டினால் கடுகு எங்கே இருக்கிறது என்று தெரியும். எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டியபோது, ஒரு சிறுமி கடுகைக் காட்டி "இது நாமளே போன வாரம் போட்டது, ஆனா பழசு மாதிரி கிடக்கு" என்றாள். எனக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதாக இருக்கவில்லை.

எழுதி வையுங்கள், சொல்லுங்கள்

பொருளைத் தொடாமல், பக்கத்தில் ஐந்து ரேண்ட் நாணயம் வைத்து மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், பின்னால் நகர்ந்து சுற்றுப்புறம் தெரிய ஒரு படம். இடக்குறியை வலைத்தளத்தில் போடாதீர்கள், தோண்டுபவர்கள் வந்துவிடுவார்கள். உழும்போதோ கட்டடம் கட்டும்போதோ கிடைத்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இந்த மாகாணத்தில் அதற்குரிய மரபுவள அமைப்பு அமாஃபா. அருகிலுள்ள அருங்காட்சியகத்திலும் சொல்லலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்கில் உள்ள குவாசுலு-நடால் அருங்காட்சியகத்தில் தொல்லியல் துறையே இருக்கிறது. மனித எலும்பு போலத் தெரிந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, போலீசுக்கும் அமாஃபாவுக்கும் சொல்லுங்கள். ஊர் இடுகாட்டுக்கு வெளியே இருக்கும் 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. நம் முன்னோர் பலர் தோட்டத்து ஓரங்களில் அடையாளம் இல்லாமல்தான் கிடக்கிறார்கள்.

குறிப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

"வெட்டி முடித்த காடு, சரிவின் நடுப்பகுதி. செம்மணல், பட்டை வரவில்லை. பீங்கான் சில்லு 3, கண்ணாடி 1, பானையோடு 1, எல்லாம் எட்டுத் தப்படிக்குள். ஓட்டின் விளிம்பு மழுங்கல், சில்லுகளின் விளிம்பு கூர். ஓடு மேலிருந்து வழிந்து வந்திருக்கலாம், சில்லுகள் கிட்டத்தில் உடைந்தவையாக இருக்கலாம். மேற்கே இருபது தப்படியில் கரைந்த புற்று. வாய்க்கால் வெட்டில் உழவுக்கோடு ஒரு முழம். வளை இரண்டு. எதையும் எடுக்கவில்லை. மறுநடவுக்குப் பிறகு மீண்டும் பார்க்க வேண்டும்."